பத்திரத்தில் இல்லாத பெட்டி

அந்த வண்டியின் முன்பாதி அண்ணனுக்குச் சொந்தம், பின்பாதி தம்பிக்குச் சொந்தம். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் முத்திரைத் தாளில், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு, அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் அண்ணனேதான். அவருக்குத் தொழிலே பத்திரம் எழுதுவது. ஊரில் பாதிப் பேருடைய வீட்டையும் நிலத்தையும் நான்கெல்லை போட்டு வெட்டிக் கொடுத்த கை, சொந்த வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா?

அப்பா இறந்த மாதமே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வீட்டைப் பிரித்தார்கள். பிறகு அலமாரி, கட்டில், குடம், குத்துவிளக்கு எல்லாம் பிரிந்தன. கடைசியில் வாசலில் நின்ற பழைய ஃபோர் வீல் வண்டி மிஞ்சியது. விற்றுப் பங்கு போட்டிருக்கலாம். விற்றால் மற்றவனுக்கும் பாதி போகுமே என்று இருவருக்கும் வயிறு எரிந்தது. ஆகவே அண்ணன் பேனாவைத் திறந்தார். இன்ஜின், கியர்பாக்ஸ், முன்விளக்குகள், முன்னச்சு, முன்சக்கரம் இரண்டு, ‘மற்றும் அவற்றைச் சார்ந்த யாவும்’ மூத்தவருக்கு. பின்னச்சு, பின்சக்கரம் இரண்டு, டீசல் டாங்க், சாமான் தொட்டி, ‘மற்றும் அவற்றைச் சார்ந்த யாவும்’ இளையவருக்கு. தம்பி மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவன் காப்பீட்டு முகவர். சின்ன எழுத்தில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எழுதாமல் விட்டது என்ன என்று மட்டும் தெரியவில்லை.

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் பாப்பா. வயது நாற்பத்து மூன்று. அண்ணன் வைத்த பெயர் அது, ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. பத்திரத்தில் அவளுக்கு ஒன்றும் எழுதவில்லை. வண்டிச் சாவியை மட்டும் கையில் கொடுத்தார்கள். அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனிடம் இருந்தால் தம்பிக்குத் தூக்கம் வராது, தம்பியிடம் இருந்தால் அண்ணனுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். தவிர, அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள். அண்ணனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். தம்பி போனில் வீடியோ பார்த்து ஓட்டுவான், அதாவது போனுக்குள் மட்டும் ஓட்டுவான்.

அந்தச் சாவியை வைத்துக்கொண்டு பாப்பா ஒன்பது வருஷமாக மலைமேல் இருக்கும் இருபத்தாறு வீட்டுப் பாலைக் கீழே பால் நிலையத்துக்கு இறக்குகிறாள். விடியலில் ஒரு நடை, மதியம் மூன்றரைக்கு ஒரு நடை. கீழிருந்து முதலில் ஒரு மைல் சிமெண்ட் ரோடு, அதில் நான்கு கொண்டை வளைவு. அதற்கு மேலே வெறும் களிமண் சரிவு. அங்கே இரண்டு சக்கரத்து இழுப்பில் ஏறுகிறேன் என்று கிளம்பியவர்கள் எல்லாரும் பாதியில் நின்று சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை இழுத்தால்தான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இன்ஜினின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கு போட்டுக் கொடுக்க நடுவில், அவள் சீட்டுக்கு அடியில், ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று அதற்குப் பெயர்.

போன மழையில் அந்தப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் கொசு ரீங்காரம் போலத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் ஊளையாயிற்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலக் கடக் கடக் என்றது. அதைவிடப் பெரிய தொல்லை, சரிவிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு இறங்கியதும் குட்டி லீவர் திரும்பி வர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையாது. வண்டியை நிறுத்தி, நாலடி பின்னால் எடுத்தால் இறுக்கம் விட்டு ‘டொக்’ என்று வரும், சில சமயம் அதற்கும் வராது. கேனில் பாலை வைத்துக்கொண்டு கொண்டை வளைவில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தால் நேரம் போகாமல் என்ன செய்யும்?

பால் நிலைய மேற்பார்வையாளர் ஒரு சிவப்பு முத்திரை வைத்திருந்தார். அதில் ‘தாமதம்’ என்று ஒரே ஒரு சொல்தான். அதைக் குத்தும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் ஒளி வரும். அந்த மாதம் பாப்பாவின் அட்டையில் இரண்டு குத்திவிட்டார்.

“மூணாவது விழுந்துச்சுன்னா ரூட்டை எடுத்துடுவேன். கம்பெனி லாரி அடிவாரத்துக்கு வந்து நிக்கும். மேல இருக்கிறவங்க சுமந்துக்கிட்டு வரட்டும்” என்றார்.

“சரிவுல கேனைத் தலையில வச்சுக்கிட்டா சார்?”

“அது என் பிரச்சினை இல்லையேம்மா.”

எதுதான் அந்த மனிதருக்குப் பிரச்சினையாக இருந்தது என்று பாப்பாவுக்கு ஒன்பது வருஷமாகத் தெரியவில்லை.

அன்று காலை நடை முடிந்ததும் அவள் நேராக மெக்கானிக்கிடம் போனாள். எல்லாவற்றையும் இடது கையால் செய்வார் என்பதால் அவருக்கு இடக்கையர் என்று பெயர்.

“எத்தனை நாளா கத்துது?”

“போன மழையில இருந்து அண்ணே.”

“இத்தனை நாளா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?”

“ஸ்பீக்கர் வச்சிருந்தோம்.”

உண்மைதான். சத்தம் தாங்க முடியவில்லை என்று அவள் வீட்டில் சொன்னபோது தம்பி இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வாங்கி வந்து சீட்டுக்குப் பின்னால் மாட்டினான். “இப்ப கேக்குதா பார்?” என்றான். கேட்கவில்லை. மாரடைப்பு வந்தவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஒரு வைத்தியம்.

இடக்கையர் சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் போய்ப் பெட்டியின் ஆயிலை வடித்தார். ஈயப் பூச்சுக் கரைத்து ஊற்றியது போல மினுமினுவென்று வந்தது. இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். அத்தனையும் இரும்புத் தூள். உள்ளே இருக்கும் செயின் தேய்ந்து தொங்கிப்போயிருந்தது. பிறகு எழுந்து வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன் டயரைப் பார்த்தார், பின் டயரைப் பார்த்தார். சாக்பீஸ் எடுத்து இரண்டிலும் ஒரு கோடு போட்டு, தரையிலும் கோடு போட்டு, “நியூட்ரல்ல போட்டுத் தள்ளும்மா” என்றார். முன்சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றியதும் ஒரு கோடு, பின்சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றியதும் ஒரு கோடு. டேப்பை வைத்து அளந்தார். பத்துச் சுற்றில் முன்சக்கரம் ஒரு மீட்டர் அதிகம் போயிருந்தது.

“இதுதான் விஷயம். ஃபோர் வீல் போட்டா முன்னயும் பின்னயும் ஒரே சுத்துதான் சுத்தணும். இதுல முன்சக்கரம் முந்தப் பாக்குது, பின்சக்கரம் விட மாட்டேங்குது. சேத்துல வழுக்கிக்கிட்டுச் சமாளிச்சுடும். சிமெண்ட் ரோட்டுல எங்க போய் வழுக்கும்? அத்தனை இழுபறியும் இந்தச் செயின் தலையில. ஆமா, யாரு இப்படி ரெண்டு விதமா டயர் மாட்டினது?”

“முன்னாடி எங்க அண்ணன். பின்னாடி எங்க தம்பி.”

போன வருஷம் அண்ணன் தன் பாதிக்கு உயரமான, பல் பல்லாக முரட்டு டயர் வாங்கினார். ஊர் பார்க்கட்டும் என்பதற்காக. ஊர் பார்த்ததோ இல்லையோ, தம்பி பார்த்துவிட்டான். மறு வாரமே யாரோ ஒரு வீடியோக்காரன் பேச்சைக் கேட்டுத் தன் பாதிக்கு மட்டமான, அகலமான டயர் வாங்கினான். அன்றிலிருந்து வண்டி வானத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

இடக்கையர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். “செயினை நான் மாத்திடுவேன். ஆனா இந்த டயரோட மாத்தினா மறுபடி போயிடும். முதல்ல நாலையும் ஒண்ணாக்கிக் கொண்டா. பாவம்மா இந்தப் பெட்டி. உன்னை மாதிரியே நடுவுல மாட்டிக்கிச்சு.”

“அதுக்காவது கத்தத் தெரியுதே அண்ணே” என்றாள் பாப்பா.

அவர்கள் வீட்டில் முன்னறைகள் அண்ணனுக்கு, பின்னறைகள் தம்பிக்கு. நடுவில், முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறை பாப்பாவுக்கு. அதற்கு இரண்டு கதவு. சகோதரர்கள் ஒன்பது வருஷமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்றாலும் பேச வேண்டியது தினமும் இருந்தது. ஆளுக்கொரு கதவில் வந்து நிற்பார்கள். “அவன்கிட்ட சொல்லு” என்பார் இவர். “அவர்கிட்ட சொல்லு” என்பான் அவன். ஐந்தடி தூரத்தில் நிற்பவனுக்குக் கேட்காதது போல அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று சாதிப்பார்கள்.

டயர் விஷயத்தை அவள் சொன்னதும் அண்ணன் போய்ப் பத்திரத்தை எடுத்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து விரலை ஓட்டினார்.

“டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு சொத்தே இதுல இல்லையே பாப்பா.”

“வண்டியில இருக்கு அண்ணா.”

“வண்டியில இருக்கலாம். பத்திரத்துல இல்ல.”

அவர் வரையில் விஷயம் முடிந்தது. எழுதும்போது அப்படி ஒரு பெட்டி இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்வதைவிட, பெட்டியையே இல்லை என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

“செயினை நான் பாத்துக்கறேன். நாலு டயரும் ஒரே அளவா இருந்தாப் போதும். யாராவது ஒருத்தர் மாத்துங்க” என்றாள்.

“அவரை மாத்தச் சொல்லுக்கா. அவர்தானே லாரி டயரைத் தூக்கி மாட்டி வச்சிருக்காரு” என்றான் தம்பி.

“அவனை மாத்தச் சொல்லு. அவன் மாட்டியிருக்கிறது டயரா, வளையலா?” என்றார் அண்ணன்.

பாப்பா அன்றைக்கு எதையும் திருப்பிச் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து நடுவில் நின்றாள்.

“ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க. இன்னொரு தடவை லேட்டானா என் ரூட் போச்சு. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா, காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் இந்த ரூம்ல உக்காந்து உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே கிழவி ஆகணும். அதுக்கு அந்தச் சரிவுலேயே உருண்டு போயிடலாம்.”

இரண்டு கதவுகளும் மெதுவாகச் சாத்திக்கொண்டன. அவளுக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழாமல், கதவு சாத்திய பிறகு அழுதோமே என்று நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நடை முடித்து வந்து அவள் தூங்கிப்போனாள். மூன்று மணிக்கு எழுந்து வெளியே வந்தால், அண்ணன் முன்படியிலும் தம்பி பக்கவாட்டுப் படியிலும் நிற்கிறார்கள். இருவர் முகத்திலும் பரிசு வாங்கப்போகிறவனின் களை. பாப்பா வண்டியைப் பார்த்தாள். நேற்றுவரை வானத்தைப் பார்த்த வண்டி இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காலை பத்து மணிக்கு அண்ணன் ஆள் வைத்து முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, தம்பியுடையதைப் போலவே மட்டமான டயர் போட்ட சக்கரங்களை மாட்டியிருந்தார். பன்னிரண்டு மணிக்குத் தம்பி ஆள் வைத்துப் பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, அண்ணனுடையதைப் போலவே உயரமான முரட்டு டயர் போட்ட சக்கரங்களை மாட்டியிருந்தான். மற்றவன் பாதியைத் திரும்பிப் பார்ப்பதுகூடக் கௌரவக் குறைச்சல் என்று இருவருக்கும் கொள்கை. அதனால் கடைசிவரை இருவரும் பார்க்கவே இல்லை. பழைய சக்கரங்களை ரிம்மோடு பத்திரமாக எடுத்து அவரவர் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். சொத்தாயிற்றே.

தங்கைக்காக, அக்காவுக்காக மனசு இளகிச் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் பாப்பா கைகொட்டிச் சிரிப்பாள். செத்த பிறகும் சொல்லிக்காட்ட ஒரு விஷயம் வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தார்கள்.

“விட்டுக்கொடுத்தது யாருன்னு அவன்கிட்ட சொல்லு” என்றார் அண்ணன்.

“நான்தான் இறங்கி வந்தேன்னு அவர்கிட்ட சொல்லு” என்றான் தம்பி.

“ரெண்டு பேரும் கீழ இறங்கி வந்து வண்டியைப் பாருங்க” என்றாள் பாப்பா.

பார்த்தார்கள். பிறகு தொடங்கியது. பழைய சக்கரத்தை யார் மறுபடி மாட்டுவது? மாட்டுகிறவன் தோற்றவன். தோற்பதற்கு அங்கே ஆள் இல்லை. மணி மூன்று பத்து. மேலே இருபத்தாறு வீட்டிலும் கறந்து வைத்திருப்பார்கள். பாப்பா தொட்டியிலிருந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தாள். அண்ணன் சுவரில் சாத்தியிருந்த முரட்டுச் சக்கரங்கள் இரண்டையும் உருட்டி வந்து, முன்பக்கத்தைத் தூக்கி, புது மட்டச் சக்கரங்களைக் கழற்றத் தொடங்கினாள்.

“ஏய், அது என்னோட சக்கரம்! கேக்காம எப்படிக் கழட்டுவே?” என்றார் அண்ணன்.

அவள் அடுத்த நட்டைக் கழற்றினாள். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். நியாயம் கேட்க வேறு ஆள் இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“பாத்தியாடா இவளை?”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேண்ணா” என்றான் தம்பி.

அரை மணியில் வேலை முடிந்தது. இப்போது நாலும் முரட்டு டயர். கழற்றிய இரண்டையும் உருட்டிப்போய்த் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவள் கிளம்பினாள். அன்று சிமெண்ட் ரோட்டில் குட்டி லீவர் இரண்டே விரலுக்கு வந்தது. பால் நிலையத்தில் மேற்பார்வையாளர் முத்திரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. வாயில் போட்ட மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று அவருக்கு.

மறுநாள் இடக்கையர் புதுச் செயின் போட்டு, நல்ல ஆயில் ஊற்றி, மறுபடி சாக்பீஸ் கோடு போட்டு அளந்தார். பத்துச் சுற்றுக்கு நாலு விரல்தான் வித்தியாசம். “இது தாங்கும்” என்றார். வண்டி பூனை மாதிரிப் போயிற்று. மேலே முதல் மூன்று வீட்டில் கேனே வெளியில் இல்லை. ஊளை கேட்டுத்தான் அவர்கள் கேனை எடுத்து வைப்பது வழக்கம். ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது. கீழே இறங்கும்போது பாப்பா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணனும் தம்பியும் ஒரே படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து பேச்சு நிற்கவில்லையாம். அவளைப் பற்றிப் பேசத் தொடங்கி, பழைய கதை எல்லாம் வந்து, சிரிப்புக்கூட வந்துவிட்டது.

“சத்தமே இல்லாம வர்றியே பாப்பா!” என்றார் அண்ணன். “இப்பத்தான் தம்பிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்த விடுதிக்காரர் போன வருஷமே வண்டியைக் கேட்டு வந்தாரு. சத்தத்தைக் கேட்டதும் திரும்பிப் பாக்காம ஓடிட்டாரு. இப்ப போன் பண்ணினேன், வியாழக்கிழமை மதியம் வர்றேன்னாரு. நீயே ஓட்டிக் காமிச்சுடு.”

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. “எதுக்கு?”

“விக்கத்தான்கா” என்றான் தம்பி. “நல்லா ஓடும்போதே தள்ளிடணும். அண்ணனும் நானும் ஒண்ணாக் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“அப்ப பால்?”

“கம்பெனி லாரி வருதுல்ல?”

“அப்ப நான்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்தான். “உனக்கென்னக்கா, வீட்டுல நிம்மதியா இரேன்” என்றான்.

அவர்கள் அவளை ஏமாற்ற நினைத்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. ஊளையிட்டு ஊளையிட்டு அந்த வண்டியை அவளுக்காகக் காப்பாற்றியது அந்தப் பெட்டிதான், வேறு யாரும் இல்லை. தான்தான் அதன் வாயை அடைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை விடியலில், கட்டிலுக்கடியில் கிடந்த மட்டச் சக்கரங்கள் இரண்டையும் கேன்களோடு கேனாகத் தொட்டியில் போட்டுக்கொண்டு போனாள். நடை முடிந்ததும் இடக்கையர் பட்டறையில் நிறுத்தி முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினாள். அவர் வந்து பார்த்தார்.

“என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?”

“தெரிஞ்சுதான் அண்ணே.”

“புதுச் செயின்மா.”

“பத்து நிமிஷம். அதுக்கு மேல ஓட்ட மாட்டேன்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு இடது கையால் பெரிய ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

மதியம் ஒரு மணிக்கு விடுதிக்காரர் தன் காரில் வந்து இறங்கினார். விருந்தாளிகளை மலைக்குக் கூட்டிப்போக அவருக்கு ஒரு பழைய முரட்டு வண்டி வேண்டுமாம். அண்ணன் வண்டியைச் சுற்றிவந்தார். முன்சக்கரத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நான் வாங்கின புது டயரையே மறுபடி மாட்டிட்டியா? அதானே! யாருக்கு எதை மதிக்கணும்னு இப்பவாவது தெரிஞ்சுதே.”

சாக்பீஸ் கோடு, பத்துச் சுற்று, ஒரு மீட்டர் என்று அவள் தொண்டை கிழியச் சொன்னதில் ஒரு சொல்லாவது அந்தத் தலைக்குள் போயிருந்தால் அவர் அப்போதே அலறியிருக்க வேண்டும். போகவில்லை. பாப்பா ஒரு முறை அவரைப் பார்த்தாள். இப்போதாவது கேட்பாரா என்று பார்த்தாள். அவர் விடுதிக்காரரிடம் டயரின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதிக்காரர் முன்னால் ஏறினார், சகோதரர்கள் தொட்டியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். சிமெண்ட் ரோடு வந்ததும் பாப்பா வண்டியை மெதுவாக்கி, “ஃபோர் வீல் போட்டுக் காட்டறேன் சார், நீங்க வாங்கறதே அதுக்குத்தானே” என்று குட்டி லீவரை இழுத்தாள். முதல் வளைவுக்குள் வண்டி முனகியது. இரண்டாவது வளைவில் ஊளையிட்டது. மூன்றாவதில் நாலு சக்கரமும் ஒன்றையொன்று பிடித்து இழுக்க, வண்டி விக்கல் வந்தது போல எகிறி எகிறிக் குதித்தது. தொட்டியில் ஏதோ மோதிய சத்தமும் அண்ணன் ஐயோ என்ற சத்தமும் கேட்டன.

“எடும்மா, எடு! ஃபோர் வீலை எடு!” என்றார் விடுதிக்காரர்.

“நீங்களே எடுத்துப் பாருங்க சார்.”

அவர் ஒரு கையால் இழுத்தார், பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிவிட்டார். “போன வருஷம் கத்த மட்டும்தான் செஞ்சுது. இந்த வருஷம் குதிக்கவும் கத்துக்கிடுச்சா?” என்று சொல்லிவிட்டு, தன் கார் நிற்கும் திசையில் விறுவிறுவென்று நடந்தார். விலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

தொட்டியிலிருந்து இருவரும் இறங்கினார்கள். அண்ணன் நெற்றியில் ஒரு புடைப்பு.

“உன் பின்னச்சுதாண்டா குதிக்குது. நான் உக்காந்திருந்தேனே, எனக்குத் தெரியாதா?”

“சத்தம் முன்னாடியிருந்து வருது. உங்க இன்ஜின், உங்க கியர்பாக்ஸ். என் பின்னச்சை எதுக்கு இழுக்கறீங்க?”

“வேணும்னே ஏதோ பண்ணி வச்சிருக்கே. நான் விக்கக் கூடாதுன்னு உனக்கு வயித்தெரிச்சல்.”

“யாருக்கு வயித்தெரிச்சல்? நாலு நாள் மரியாதையாப் பேசினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். அப்பாவை இழுத்தார்கள், குத்துவிளக்கை இழுத்தார்கள். பாப்பாவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவள்மேல் சந்தேகப்படுவதற்குக்கூட அவர்களுக்கு அவள் ஞாபகம் வரவில்லை. கடைசியில் அண்ணன் இந்த ஓரமாகவும் தம்பி அந்த ஓரமாகவும் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள்.

கூடப் பிறந்த இரண்டு பேர் ஒன்பது வருஷம் கழித்து ஒரே படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதை அவள்தான் கெடுத்தாள். அவர்கள் ஒன்றாக இருக்கும்வரை அவளுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை என்று அவர்களே காட்டிவிட்டார்கள். ஆனாலும் கெடுத்தது கெடுத்ததுதான். வருத்தம் வரும் என்று ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பாப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பசிதான் வந்தது.

மணி இரண்டு ஆகவில்லை. வண்டியை நாலடி பின்னால் எடுத்தாள், லீவர் விட்டது. பட்டறைக்குப் போய்ச் சக்கரத்தை மாற்றிக்கொண்டு மேலே ஏற நேரம் இருந்தது.